காப்பு கட்டிய கையால் இன்சூரன்ஸ் எடுத்தேன்

என்னை நம்பிக்கை கெட்டவள் என்று சொன்னவர்களும் இதைப் படிப்பீர்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன். நம் சஷ்டிக் குழுவின் மலருக்கு ஆளுக்கோர் அனுபவம் எழுதித் தரச் சொன்னபோது, "பேச்சியம்மா, அந்த இன்சூரன்சு கதைய மட்டும் விட்டுரு, வேற எதாச்சும் எழுது" என்று ஒருத்தி என் காதைக் கடித்தாள். ஏன் விட வேண்டும்? முருகன் என் வீட்டுக்கு வந்தது அந்த வழியாகத்தான். வந்த வழியை மறைத்துவிட்டு வந்தவரை மட்டும் புகழ எனக்குத் தெரியாது.

1986 ஐப்பசி. சிலமலையில் எங்கள் வீடு, போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டம். காய் எடுக்கிற காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் மலையிலேயே தங்கிவிடுவார். கீழே நான், என் கொழுந்தன் செல்லையா குடும்பம், மாடு கன்று. எங்களுக்கு ஒரே மகள், செல்வராணி. வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். கட்டிக்கொடுத்த இடம் நல்ல இடம்தான். ஆனால் மாப்பிள்ளைக்கு வேலை குவைத்தில். கல்யாணமாகி மூன்று வருஷமாக வயிறு திறக்காமல் இருந்து அந்த வருஷம்தான் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டு அவள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் வரவில்லை. கடிதம் வந்தது. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, விமானம் ஏறவே கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டாராம். "அம்மா, இவரு வேலைக்குப் போயிட்டா பேச்சுத்துணைக்கு ஆளில்ல. ராவும் பகலும் பயமா இருக்கு. நீயும் அப்பாவும் வாங்க" என்று எழுதியிருந்தாள். குவைத் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நம் ஊர் ஏலக்காயெல்லாம் அங்கேதான் கப்பலேறுகிறது என்று வியாபாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

அதே உறையில் மாப்பிள்ளையும் ஒரு தாள் வைத்திருந்தார். விசாவுக்கு ஏற்பாடு செய்வதாகவும், கிளம்பும் முன் வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவ இன்சூரன்ஸ் இருவருக்கும் எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மாமாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இங்கே வந்து ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆகிவிட்டால் நம்மால் தாங்க முடியாது என்று காரணமும் சொல்லியிருந்தார்.

இதைக் கொழுந்தனிடம் வாசித்துக் காட்டியதுதான் தாமதம், வீடு இரண்டுபட்டது.

"என்ன மதினி இது கொடுமையா இருக்கு? கெளம்புறதுக்கு முன்னாடியே சீக்குக்குப் பணம் கட்டுறதா? பாடைக்கு மூங்கிலு வெட்டி வச்சுட்டுத் தேரு பாக்கப் போன மாதிரியில்ல இருக்கு!"

"வாயக் கழுவுங்க தம்பி."

"நான் எதுக்குக் கழுவணும்? நல்ல காரியத்துக்குப் போறோம். முருகன் பாத்துக்கிருவான்னு திருநீறப் பூசிட்டுப் போறத விட்டுட்டு, கம்பெனிக்காரன் பாத்துக்கிருவான்னா போவாக? அப்ப உங்க நம்பிக்கையெல்லாம் அம்புட்டுத்தானா?"

செல்லையா கெட்டவர் இல்லை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவர். சகுனம் என்று வந்துவிட்டால் மட்டும் தலையால் தண்ணீர் குடித்தாலும் அவரை அசைக்க முடியாது. மலைக்கு ஜீப்பு ஏறுகிறபோது விழுவது, உருளுவது என்று யாராவது பேச்செடுத்தால் அந்த ஆளை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்வார். அவர் சொன்னதையே சொந்தபந்தம் அத்தனையும் சொன்னது. கோயிலில் என்னோடு பஜனை பாடுகிறவர்களும் சொன்னார்கள். நீங்களும்தான் சொன்னீர்கள்.

எனக்கு வந்ததே கோபம். "தேவாரம் ஊருப் பக்கம் உங்க வெள்ளாமக் காட்டுல யானை எறங்குதுன்னு காவலுக்கு ஆள் போட்டிருக்கீகளே, அங்க முருகன் இல்லையா? ஜீப்பு டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குறோம். பழம் நசுக்கியாச்சுன்னு பிரேக்கு பாக்காம விட்டுருவமா? காட்டுக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயமா தம்பி?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

கந்தசஷ்டி வந்தது. நான் வருஷா வருஷம் விரதம் இருக்கிறவள். அந்த வருஷமும் கோயிலில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டேன். காப்பு கட்டிய ஆறு நாளும் பொய், புறணி, கடுஞ்சொல் மூன்றும் ஆகாது. உங்களுக்குத் தெரிந்ததுதான். மூன்றாவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் உங்களுக்குத் தெரியும். "அப்பா முருகா, இவரைப் பத்திரமாகக் கூட்டிப் போய்ப் பத்திரமாகக் கூட்டி வர வேண்டும். என் மகள் பிள்ளையோடு எழுந்து உட்கார வேண்டும்." இதுதான் என் வேண்டுதல். கூட ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் தேனியிலிருந்து இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தார். நல்ல பேச்சுக்காரர். என்னிடம் கேட்டதெல்லாம் எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கும்போதுதான் சிக்கல் வந்தது. அந்த வயதுக்காரர்களுக்கு டாக்டரிடம் காட்டி, நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்துக் கொடுத்தால்தான் கம்பெனி ஒத்துக்கொள்ளுமாம்.

"அவரு இப்ப மலைய விட்டு எறங்க மாட்டாரே" என்றேன்.

"அதுக்கென்னம்மா, எறங்க வேண்டியதே இல்ல. எனக்குத் தெரிஞ்ச எடம் இருக்கு. ஆளப் பாக்காமலே நல்லா இருக்காருன்னு எழுதி, ஈ.சி.ஜி. படமும் வச்சுக் குடுத்துருவாங்க. எல்லாரும் செய்யிறதுதான்."

எனக்கும் அது சௌகரியமாகத்தான் பட்டது. அறுவடை நேரத்தில் அந்த மனுஷனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு யார் வசவு வாங்குவது? சரி என்று சொல்ல வாயெடுத்தேன். காகிதத்தை வாங்க நீட்டிய கையில் காப்பு இருந்தது. மஞ்சள் ஈரம்கூடக் காயவில்லை. யாரோ கையைப் பிடித்தது போல இருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

"இல்லைங்க. கையில காப்பு இருக்கு. ஆளப் பாக்காம எழுதுனா அது பொய். அவரக் கூட்டியாந்து காட்டுறேன்" என்றேன். ஏஜெண்ட் சிரித்துவிட்டு, "நல்ல பார்ட்டி போங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டார்.

லோடு ஜீப்பு டிரைவரிடம் மலைக்குச் சொல்லியனுப்பினேன். 'சோலி கிடக்கு, அதெல்லாம் வர முடியாது' என்று பதில் வந்தது. மறுபடி சொல்லியனுப்பினேன். 'எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்' என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை நான் சொல்லியனுப்பியது இதுதான்: "நீங்க எறங்கி வந்து டாக்டரப் பாக்காம, சூரசம்காரம் முடிஞ்சாலும் நான் வெரதம் முடிக்க மாட்டேன். பட்டினியாவே கெடப்பேன்."

செல்லையாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கம்பெனிக்காரனுக்காக வெரதத்தையே பணயம் வைக்கிறீகளே மதினி, அடுக்குமா?" என்றார். கடுஞ்சொல் ஆகாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் காலையில் ஏலமூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து அவர் வந்து இறங்கினார். முகம் உர்ரென்று இருந்தது. "உன் பிடிவாதத்துல தீய வைக்க. வா, வெரசாப் போயிட்டு வந்துருவம். நான் பொழுது சாய மலையேறணும்" என்றார். வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் மெல்லுகிறவர்தான். ஆனால் அந்த ஆவணி மாதத்திலிருந்து சட்டைப்பையில் அள்ளிப்போட்டு வைத்து மென்றுகொண்டே இருந்தார். நெஞ்சில் வாய்வு பிடித்திருக்கிறது, ஏலக்காய் போட்டால் கேட்கிறது என்பார். நாங்களும் சரியென்றுதான் இருந்தோம். நம் பக்கத்தில் நெஞ்சு வலித்தால் அது வாய்வுதானே? வேறு என்னவாக இருக்கும் என்று யார் கண்டது?

போடி டாக்டர் ஈ.சி.ஜி. காகிதத்தை நீளமாக இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை எடுத்தார். பிறகு எங்கள் வீட்டுக்காரரை எழுந்திருக்கவே விடவில்லை.

"ஐயாவை நடக்க விடாதீங்க. இப்படியே வண்டியில படுக்க வச்சு மதுரைக்குக் கொண்டு போங்க."

"நான் காலையில மலையெறங்கி வந்திருக்கேன் சார்" என்றார் இவர்.

"அதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கு. இன்னொண்ணு வர்ற மாதிரி இருக்கு. நெஞ்சு வலிக்கலையா?"

"வலிச்சுச்சு. அது வாய்வு சார்."

"வாய்வுக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"ஏலக்காய்."

டாக்டர் சிரிக்கவில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பேசிய பேச்சை எழுதினால் இந்த மலர் கொள்ளாது. 'சீக்குக்குப் பணம் கட்டுறேன்னா, சீக்கு வந்து நின்னுருச்சு பாரு' என்று என் காதுபடவே பேசினார்கள். கல்லு மாதிரி இருந்த மனுஷனைக் கட்டிலில் சாய்த்தவள் நான்தானாம். அங்கே மகள் கட்டிலில். இங்கே அவள் அப்பா கட்டிலில். விசா வந்துவிட்டதாகத் தந்தியும் வந்தது. நான் எங்கே போவேன், யாரிடம் இருப்பேன்?

நர்சுகள் மேஜைக்கு மேலே ஒரு முருகன் காலண்டர் மாட்டியிருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். கும்பிடவில்லை. சண்டை போட்டேன்.

"இத்தன நாளு பட்டினி கெடந்ததுக்கு இதானா நீ குடுக்கிறது? கடுஞ்சொல்லு ஆகாதுன்னு எனக்குக் காப்பக் கட்டிவிட்டுட்டு, நீ மட்டும் அடிப்பியா? வெரதம் கெட்டா கெடட்டும், நான் கேப்பேன். ஒரு உசுரு இங்க இருக்கு, ஒரு உசுரு அங்க இருக்கு. ரெண்டும் எனக்கு வேணும். ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண எடுக்கிற யாவாரமெல்லாம் எங்கிட்ட வேணாம். அப்படிப் பண்ணுனியோ, உன் கோயில் வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன். ஆமா!"

அங்கே இருந்த நர்சு பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. நான் குடிக்கவில்லை. அப்படிப் பேசியதற்கு இன்றுவரை நான் முருகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். பிள்ளை அப்பனிடம் சண்டை போடாமல் அடுத்த வீட்டுக்காரனிடமா போடும்?

சூரசம்காரத்தன்று சாயங்காலம். செல்லையா கோயில் திருநீறு கொண்டுவந்திருந்தார். அண்ணனுக்குப் பூசிவிட்டு, தோட்டத்தில் எவ்வளவு காய் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நனைய விட்டுராதீகடா..." என்று ஏதோ சொல்ல வந்த எங்கள் வீட்டுக்காரர் பாதியில் நிறுத்தினார். கண் மேலே போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் நர்சுகளும் டாக்டர்களும் ஓடிவந்தார்கள். எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். செல்லையா வராந்தாவில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று வாயில் துண்டை வைத்து அழுதார். அந்த நேரம் நம் ஊரில் முருகன் வேலெடுத்துச் சூரனைக் குத்திக்கொண்டிருப்பார். "குத்துப்பா, நல்லாக் குத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறு மந்திரம் வரவில்லை.

கதவு திறந்தது. டாக்டருக்கு வேர்த்திருந்தது. "பொழைச்சுக்கிட்டார்மா. நாங்க பக்கத்துலயே இருந்ததால முடிஞ்சுது. இதே அட்டாக் மலைமேல வந்திருந்தா..." என்று இழுத்தார்.

செல்லையாதான் முடித்தார். "பிளேன்ல வந்திருந்தா?"

டாக்டர் கையை விரித்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றுதானே கேட்டேன்? நான் குவைத்தை நினைத்துக் கேட்டேன். முருகன் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டார். செத்தாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்றிருந்த மனுஷனை மூட்டைக்கு மேலே உட்கார வைத்து இறக்கிக் கொண்டுவந்தது யார்? பொய்ச் சான்றிதழ் வாங்க நீண்ட என் கையைத் தடுத்தது யார்? ஈ.சி.ஜி.தான் காப்பாற்றியது என்று சிலர் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். அந்த ஈ.சி.ஜி. பக்கம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது என் பிடிவாதம். என் பிடிவாதத்துக்குப் பலம் கொடுத்தது என் கையில் இருந்த காப்பு. இதற்குமேல் உங்களுக்கு என்ன அற்புதம் வேண்டும்? மயிலில் ஏறி வந்தால்தான் ஒத்துக்கொள்வீர்களா?

மறுநாள் அவர் கண் விழித்துப் பார்த்ததும், கஞ்சி குடித்து விரதத்தை முடித்தேன். "தின்னியா புள்ள?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

கம்பெனி அவருக்கு இன்சூரன்ஸ் கொடுக்க மறுத்துவிட்டது. அந்த நெஞ்சுக்கு யார் கொடுப்பார்கள்? நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை, ஆள் கிடைத்தார்.

மார்கழியில் அவர் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார். மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. நான் மட்டும் தனியாகக் குவைத்துக்குப் போகிறேன் என்றேன். மறுபடியும் வீடு இரண்டுபட்டது. சீக்காளிப் புருஷனை விட்டுவிட்டா? பொம்பளை தனியாகவா? பாஷை தெரியாத ஊருக்கா? எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "போ புள்ள. நான் செத்துற மாட்டேன். உன் முருகன்தான் எனக்குக் காவலுக்கு ஆளு போட்டுட்டானே. எம்மக பயந்துக்கிட்டுக் கெடக்கா, நீ போ."

எனக்கு இன்சூரன்ஸ் எடுத்தேன். என் வயதுக்கு டாக்டர் காகிதம் தேவையில்லை என்று ஏஜெண்ட் சொன்னார். தேவையில்லை என்றாலும் நானாகப் போய் என் நெஞ்சையும் காட்டிவிட்டு வந்தேன். பிறகு கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தை மாதம், போடி பஸ் ஸ்டாண்டு. திருவனந்தபுரத்தில் விமானம். அதுவரைக்கும் துணைக்கு மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். கூட்டத்தை இடித்துக்கொண்டு செல்லையா ஓடிவருகிறார். வேட்டி அவிழ்கிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கக் கேட்டார்: "மதினி, அந்த இன்சூரன்சு பேப்பர எடுத்துக்கிட்டீகளா?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன். "எடுத்துக்கிட்டேன் தம்பி. திருநீத்துப் பொட்டலத்தோட சேத்து வச்சிருக்கேன்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

குவைத்தில் என் பேத்தி சுகமாகப் பிறந்தாள். என் மகள் சுகமாக எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சித்திரையில் ஊர் திரும்பியபோது வாசலில் வந்து நின்று என்னைக் கூட்டிப் போனவர் எங்கள் வீட்டுக்காரர். ஆள் மெலிந்திருந்தார். ஆனால் நின்றார். இப்போது மலையேறுவதில்லை. தோட்டத்தைச் செல்லையா பார்த்துக்கொள்கிறார். செல்லையாவுக்கு வாய்வு பிடித்தாலும் நான் விடுவதில்லை, நேரே டாக்டர்தான்.

ஊர் வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்லையா கேலியாகக் கேட்டார்: "ஆக, ஒரு சீக்கும் வரல. கம்பெனிக்குக் கட்டுன பணம் வீணாத்தான் போச்சு, இல்லையா மதினி?"

"வீணாப் போகணும்னுதான் தம்பி முருகன்ட்ட வேண்டிக்கிட்டேன்" என்றேன்.

அதற்குத்தான் ஊர் திரும்பிய மறுநாள் கோயிலில் தேங்காய் உடைத்தேன். எதற்கு என்று அப்போது கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

நம் பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு ஒருவராகக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். அன்றைக்கு என்னை நம்பிக்கை கெட்டவள் என்று சொன்ன வாயால் முருகனைக் கூப்பிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சண்டையும் போடுங்கள், தாங்கிக்கொள்வார். ஆனால் அவர் கையைக் காட்டுகிற பக்கம் எழுந்து நடங்கள். அது கோயிலாகவும் இருக்கலாம், ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம், இன்சூரன்ஸ் ஆபீசாகவும் இருக்கலாம். இங்கெல்லாம் என் முருகன் வர மாட்டார் என்று சொல்ல நீங்கள் யார்?